மோதலில் பிறக்கும் துகள்களை எப்படி எண்ணுகிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

துகள் இயற்பியல் பற்றி எங்கே பேசப் போனாலும் கடைசியில் இரண்டு கேள்விகள் வந்துவிடும். ஒன்று, கருந்துளை உண்டாகி பூமியை விழுங்கிவிடாதா என்பது. விழுங்காது. இன்னொன்று பெரும்பாலும் பின் பெஞ்சிலிருந்து வரும்: "எத்தனை துகள் வந்ததுன்னு எப்படி சார் எண்றீங்க?" அந்தக் கேள்விக்கும் அதன் கிளைக் கேள்விகளுக்கும்தான் இந்தப் பக்கம். உதாரணங்களை ஜெனீவாவுக்குப் பக்கத்தில், சுவிட்சர்லாந்து-பிரான்ஸ் எல்லைக்கு அடியில் இருக்கும் செர்ன் ஆய்வகத்தின் 27 கிலோமீட்டர் சுரங்க வளையத்திலிருந்தே எடுத்திருக்கிறேன். முதலில் அங்கே இருந்தது எல்.ஈ.பி. என்ற கொலைடர், அதாவது மோதவிடும் இயந்திரம். எலெக்ட்ரானையும் அதன் எதிர்த்துகளான பாசிட்ரானையும் மோதவிட்டது. இப்போது இருப்பது புரோட்டான்களை மோதவிடும் லார்ஜ் ஹாட்ரான் கொலைடர், சுருக்கமாக எல்.எச்.சி.

புரோட்டானை உடைத்தால் உள்ளே இருந்தவைதானே வெளியே வரும்? "உற்பத்தி" என்று ஏன் சொல்கிறார்கள்?

உள்ளே இல்லாதவையும் வருகின்றன, அதனால்தான். இரண்டு எலுமிச்சம்பழத்தை மோதவிட்டால் சாறும் விதையும் தெறிக்கும். இங்கே எலுமிச்சையை மோதவிட்டால் தேங்காயும் பலாப்பழமும் வருகிறது. புரோட்டான்களின் இயக்க ஆற்றல் நிறையாக மாறிப் புதிய துகள்கள் பிறக்கின்றன. ஒரு சாதாரண மோதலில் வருபவற்றில் பெரும்பகுதி பயான்கள் என்ற லேசான துகள்கள். அடுத்து அவற்றைவிடக் கனமான கேயான்கள், புரோட்டான்கள். டபிள்யூ, இசட், டாப் குவார்க், ஹிக்ஸ் போன்ற மிகக் கனமான துகள்கள் எல்லாம் அபூர்வ விருந்தாளிகள்.

சரி, வந்ததை எண்ணுவதில் அப்படி என்ன கஷ்டம்?

ஒரு நிஜ உதாரணத்தோடு சொல்கிறேன். 2009 நவம்பர் 23 அன்று எல்.எச்.சி.யில் முதல்முதலாகப் புரோட்டான் கற்றைகள் மோதின. மொத்த ஆற்றல் 900 கிகா எலெக்ட்ரான் வோல்ட் (துகளின் ஆற்றலுக்கான அலகு, நிறையையும் உந்தத்தையும்கூட இதிலேயே சொல்வார்கள்). ஆலிஸ் என்ற சோதனைக் குழுவுக்கு அன்று கிடைத்தவை வெறும் 284 மோதல்கள். அதை வைத்தே கட்டுரை எழுதி நவம்பர் 28-ல் அனுப்பிவிட்டார்கள்.

எண்ணிய விதம் இது. கற்றைக் குழாயைச் சுற்றி உருளை வடிவில் இரண்டு சிலிக்கான் அடுக்குகள், மையத்திலிருந்து 3.9 சென்டிமீட்டரில் ஒன்று, 7.6 சென்டிமீட்டரில் இன்னொன்று. மின்னூட்டம் உள்ள துகள் கடந்து போனால் இரண்டிலும் ஒவ்வொரு புள்ளி விழும். இரண்டு புள்ளிகளையும் சேர்த்துக் கோடு இழுத்தால் அது மோதல் நடந்த இடத்தைத் தொட வேண்டும். தொட்டால் ஒரு துகள். பள்ளிக்கூடத்தில் புள்ளிகளைச் சேர்த்துப் படம் வரைந்த அதே வேலைதான்.

சிக்கல் அதற்குப் பிறகு ஆரம்பிக்கிறது. ஒரு புள்ளி விழவேண்டிய இடத்தில் சிலிக்கான் துண்டு செத்துப்போயிருக்கலாம். மிக மெதுவான துகள் குழாய்ச் சுவரிலேயே நின்றுபோயிருக்கலாம். சம்பந்தமே இல்லாத இரண்டு புள்ளிகள் தற்செயலாக ஒரே கோட்டில் அமையலாம். மோதலில் பிறந்த துகள் குழாயில் இடித்து, அங்கிருந்து புதிதாக இரண்டு கிளம்பியிருக்கலாம். ஆக, கண்ட எண்ணிக்கையிலிருந்து சிலதைக் கழிக்க வேண்டும், காணாததற்காகச் சிலதைக் கூட்ட வேண்டும்.

எல்லாம் முடிந்து வந்த விடை 3.10. அதாவது கற்றைக்குக் குறுக்கே, சுமார் 62 முதல் 118 டிகிரி வரையிலான கோணப் பட்டையில், ஒரு மோதலுக்குச் சராசரியாக மூன்று சொச்சம் மின்னூட்டத் துகள்கள். புள்ளியியல் பிழை 0.13, முறைசார் பிழை 0.22. வெறும் 284 மோதலிலேயே, போதுமான தரவு இல்லாததால் வரும் பிழையைவிட, நம் திருத்தங்கள் மீதான சந்தேகத்தால் வரும் பிழை பெரிது. பிறகு அதே ஆற்றலில் இன்னும் நிறைய மோதல்களை வைத்து அளந்தபோது விடை 3.02. புள்ளியியல் பிழை 0.01 ஆகச் சுருங்கிவிட்டது. முறைசார் பிழை அந்த அளவுக்குச் சுருங்கவில்லை.

அதே கட்டுரையில் 3.51 என்றும் ஒரு எண் இருக்கிறதே? எது சரி?

இரண்டும் சரி. அதே 284 மோதல்கள்தான். வகுக்கும் எண்தான் வேறு.

சில மோதல்களில் புரோட்டான்கள் உரசிக்கொண்டு போகும். ஒன்று மட்டும் லேசாகச் சிதறி, அதன் துண்டுகள் குழாயை ஒட்டியே ஓடிவிடும். நடுவில் இருக்கும் கருவிக்கு அநேகமாக எதுவும் தெரியாது. இந்த உரசல்களையும் மோதல் கணக்கில் சேர்த்தால் சராசரி 3.10. ஒரு புரோட்டான் மட்டும் சிதறும் உரசல்களை விட்டுவிட்டால் 3.51. கல்யாணத்தில் ஆளுக்கு எத்தனை இட்லி செலவானது என்று கேட்டால், காபி மட்டும் குடித்துவிட்டுப் போனவரைச் சேர்ப்பதா வேண்டாமா என்பது மாதிரி. எந்தக் கட்டுரையில் எந்த எண்ணைப் பார்த்தாலும், எதனால் வகுத்தார்கள் என்று முதலில் தேடுங்கள். இந்தத் துறையில் பாதிச் சண்டை வகுக்கும் எண்ணைப் பற்றியதுதான்.

"குறுக்குவெட்டு" என்று எல்லா அளவீட்டையும் பரப்பளவில் சொல்கிறார்களே, ஏன்?

ஒரு நிகழ்வு எவ்வளவு எளிதில் நடக்கும் என்பதை, கல் எறிபவனுக்கு இலக்கு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்று சொல்வது பழைய வழக்கம். அலகின் பெயர் பார்ன். ஆங்கிலத்தில் அது வைக்கோலும் தானியமும் வைக்கும் பெரிய கொட்டகை. 1942-ல் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் ஹாலோவே, பேக்கர் என்ற இருவர், அணுக்கரு வேலைகளுக்கு இந்தப் பரப்பு கொட்டகை அளவு பெரியதுதானே என்று வைத்த பெயர் நிலைத்துவிட்டது. ஒரு சதுர சென்டிமீட்டரைப் பத்தால் 24 முறை வகுத்தால் ஒரு பார்ன்.

எல்.எச்.சி.யில் 13 டெரா எலெக்ட்ரான் வோல்ட் (ஒரு டெரா என்பது ஆயிரம் கிகா) ஆற்றலில் இரண்டு புரோட்டான்கள் மோதி ஏதாவது புதிதாக உண்டாவதற்கான குறுக்குவெட்டு ஏறக்குறைய 80 மில்லிபார்ன், அதாவது பார்னில் ஆயிரத்தில் 80 பங்கு. ஹிக்ஸ் போசான் உண்டாவதற்கு 55 பிகோபார்ன் அளவு. ஒரு பிகோபார்ன் என்பது மில்லிபார்னில் 100 கோடியில் ஒரு பங்கு. வகுத்துப் பார்த்தால் சுமார் 150 கோடி மோதலுக்கு ஒரு ஹிக்ஸ். வைக்கோல் போரில் ஊசி என்பதெல்லாம் இதன் முன்னால் சுலபம். கொட்டகை என்ற பெயர் ஒருவிதத்தில் பொருத்தம்தான்.

லூமினாசிட்டி என்றால் என்ன?

எத்தனை முறை எறிந்தோம் என்ற கணக்கு. நிகழ்வுகளின் எண்ணிக்கை என்பது குறுக்குவெட்டை லூமினாசிட்டியால் பெருக்கிய விடை, அவ்வளவுதான். பார்த்த எண்ணிக்கை கையில் இருக்கிறது, குறுக்குவெட்டு வேண்டும், அதற்கு லூமினாசிட்டி தெரிந்தாக வேண்டும்.

அதை அறிவது லேசல்ல. எல்.எச்.சி.யில் புரோட்டான்கள் கொத்துக் கொத்தாக ஓடுகின்றன, ஒரு கொத்தில் சுமார் 10,000 கோடி. எதிரெதிர்க் கொத்துகள் 25 நானோநொடி இடைவெளியில் ஒன்றை ஒன்று ஊடுருவிப் போகும். அவ்வளவு கூட்டத்திலும் உண்மையில் மோதிக்கொள்வது சில பத்து ஜோடிகள்தான், மற்றதெல்லாம் தொடாமலே கடந்துவிடும். எனவே ஒரு கொத்தில் எத்தனை புரோட்டான், கொத்து எவ்வளவு குறுகலாக இருக்கிறது என்ற இரண்டும் தெரிய வேண்டும். முதலாவதை, ஓடும் மின்னோட்டத்தை அளந்து கண்டுபிடிக்கலாம். இரண்டாவதற்கு ஸ்கேலை எங்கே வைப்பது?

டச்சு இயற்பியலாளர் சைமன் வான் டெர் மீர் 1968-ல் ஒரு வழி சொன்னார். இரண்டு கற்றைகளையும் வேண்டுமென்றே கொஞ்சம் கொஞ்சமாக விலக்குங்கள், ஒவ்வொரு படியிலும் மோதல் எத்தனை என்று பாருங்கள். நேருக்கு நேர் இருக்கும்போது எண்ணிக்கை உச்சம், விலக விலக இறங்கும். இறங்கும் வளைவின் அகலமே கற்றையின் அகலத்தைச் சொல்லிவிடும். இருட்டில் இரண்டு உள்ளங்கைகளை உரசி உரசி விலக்கி, கை எவ்வளவு அகலம் என்று கண்டுபிடிப்பது போல. எல்.எச்.சி.யில் இன்றைக்கும் இதற்கென்று தனியாக நேரம் ஒதுக்கி, வான் டெர் மீர் ஸ்கேன் என்ற பெயரிலேயே செய்கிறார்கள். வான் டெர் மீருக்கு 1984-ல் கார்லோ ரூபியாவோடு சேர்ந்து நோபல் கிடைத்தது வேறு வேலைக்காக. எனக்கென்னவோ இந்த யோசனைதான் அழகு.

இப்படிச் செய்து 2015 முதல் 2018 வரையிலான தரவுக்கு எல்.எச்.சி.யின் இன்னொரு சோதனையான அட்லஸ் குழு சொன்ன மொத்த லூமினாசிட்டி, ஒரு ஃபெம்டோபார்னுக்கு (பிகோபார்னில் ஆயிரத்தில் ஒரு பங்கு) 140 நிகழ்வு என்ற அளவு. பிழை ஒரு சதவீதத்துக்கும் கீழே.

ஒரு சதவீதம், அரை சதவீதம் என்று இவ்வளவு மெனக்கெட வேண்டுமா?

இந்தக் கேள்விக்கு எனக்குப் பிடித்த பதில் எல்.ஈ.பி. கதை. 1989-ல் தொடங்கிய அந்த இயந்திரத்தில் நான்கு சோதனைகள் சேர்ந்து 1 கோடியே 70 லட்சம் இசட் துகள்களைப் பதிவு செய்தன. அதில் ஒரு அருமையான கணக்கு உண்டு. இசட் சிதையும்போது ஒரு பங்கு நியூட்ரினோக்களாகப் போகும். அவை கருவியில் படாது. எத்தனை வகை நியூட்ரினோ இருக்கிறதோ, அத்தனை பங்கு கண்ணுக்குத் தெரியாமல் போகும், மோதல் ஆற்றலுக்கு எதிரே நாம் பார்த்த இசட் எண்ணிக்கையை வரைந்தால் எழும் உச்சி அந்த அளவுக்குக் குட்டையாகும். ஆக, பார்த்த உச்சியின் உயரத்தை வைத்துப் பார்க்காத நியூட்ரினோ வகைகளை எண்ணிவிடலாம்.

2006-ல் வெளியான இறுதி விடை 2.984. பிழை 0.008. மூன்று என்றுதான் எல்லோரும் படித்தோம், ஆனால் பிழையை அளவுகோலாக வைத்தால் மூன்றுக்கு இரண்டு மடங்கு கீழே நிற்கிறது. பெரிய வித்தியாசம் இல்லை, தற்செயலாக இருக்கலாம். ஆனாலும் செருப்பில் மாட்டிய சின்னக் கல் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது.

2019-ல் சிலர் திரும்பிப் போய்ப் பார்த்தார்கள். எல்.ஈ.பி.யில் லூமினாசிட்டியை அளந்தது, எலெக்ட்ரானும் பாசிட்ரானும் ஒன்றை ஒன்று லேசாகத் திருப்பிவிட்டுச் சிறு கோணத்தில் சிதறுவதை எண்ணி. அப்படிச் சிதறியவை வெளியேறும்போது எதிரே வரும் கொத்தின் மின்புலம் அவற்றை ஒரு துளி உள்பக்கம் இழுத்துவிடுகிறது. அதனால் சில, கருவியின் உள்விளிம்புக்கு அப்பால் போய்க் கணக்கில் விட்டுப்போயிருக்கின்றன. லூமினாசிட்டி சுமார் 0.1 சதவீதம் குறைவாக எழுதப்பட்டிருந்தது. அதைச் சரிசெய்து, சிதறலுக்கான கோட்பாட்டுக் கணக்கையும் புதுப்பித்ததும் விடை 2.9963, பிழை 0.0074. இயந்திரத்தைக் கழற்றிப் பல வருஷம் ஆன பிறகு, ஆயிரத்தில் ஒரு பங்குத் திருத்தத்தில், கல் விழுந்தது.

எல்லா மோதல்களையும் சேமித்து வைக்கிறார்களா?

இல்லை, இடமில்லை. அட்லஸ், சி.எம்.எஸ். போன்ற சோதனைகளில் நொடிக்கு 4 கோடி முறை வரை கொத்துகள் சந்திக்கும். டிரிக்கர் என்ற அமைப்பு முதலில் அதை நொடிக்கு ஒரு லட்சமாகக் குறைக்கும், பிறகு ஆயிரம் அளவுக்கு. மற்றதெல்லாம் போனது போனதுதான். சாதாரண மோதல் எப்படி இருக்கும் என்று அளக்க விரும்புபவர்களுக்காக, எதையும் தேடாமல் கண்ணை மூடிக்கொண்டு சிலதை அள்ளி வைப்பதும் உண்டு. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்ற கணக்கு. தேடித் தேர்ந்தெடுத்த சோற்றை வைத்துப் பானையைப் பற்றிச் சொல்லக் கூடாது என்பதுதான் அதில் விஷயம்.

ஒரே நேரத்தில் பல மோதல்கள் நடந்தால் கலந்துவிடாதா?

கலக்கும். இதற்குப் பைல்-அப் என்று பெயர். ஒரே சந்திப்பில் 30, 60 மோதல் கூட நடக்கும். தடங்களைப் பின்னோக்கி நீட்டி, எந்தப் புள்ளியிலிருந்து கிளம்பியது என்று பார்த்துப் பிரிப்பார்கள். மின்னூட்டம் இல்லாத துகள்களுக்குத் தடம் கிடையாது, அங்கேதான் தலைவலி.

பயானா கேயானா என்று எப்படித் தெரியும்? இரண்டும் கோடுதானே?

ஓட்டப்பந்தயம் வைக்க வேண்டியதுதான். காந்தப்புலத்தில் தடம் எவ்வளவு வளைகிறது என்பதிலிருந்து உந்தம் தெரியும். அதே உந்தத்தில் எடை கூடிய கேயான் மெதுவாகப் போகும். ஆலிஸில் மையத்திலிருந்து 3.7 மீட்டரில் ஒரு நேர அளவி இருக்கிறது. 1 கிகா எலெக்ட்ரான் வோல்ட் உந்தமுள்ள பயான் அங்கே சேர சுமார் 12.5 நானோநொடி ஆகும், கேயானுக்கு 13.8. வித்தியாசம் 1.3 நானோநொடி. அந்தக் கருவி 0.1 நானோநொடிக்கும் கீழே பிரித்தறியும், அதனால் பிரச்சினை இல்லை. உந்தம் ஏற ஏற இரண்டும் ஒளிவேகத்தை நெருங்கி வித்தியாசம் மறைந்துவிடும். அப்போது வேறு வழிகளைத் தேட வேண்டும்.

கருவி எத்தனை துகள்களைத் தவறவிட்டது என்று எப்படித் தெரியும்? தவறவிட்டதே தெரியாதே?

நல்ல கேள்வி. இரண்டு வழி. ஒன்று, மோதலையும் கருவியையும் திருகாணி வரைக்கும் கணினியில் போலியாகச் செய்து ஓட்டுவது. அங்கே உண்மை எண்ணிக்கை நமக்குத் தெரியும், கருவி காட்டிய எண்ணிக்கையோடு ஒப்பிடலாம். ஆனால் போலியில் தப்பு இருந்தால் விடையிலும் இருக்கும்.

அதனால்தான் இரண்டாவது வழி, தரவையே தரவால் சோதிப்பது. இசட் துகள் சில சமயம் இரண்டு மியுவான்களாக, அதாவது எலெக்ட்ரானின் கனமான உறவினர்களாகச் சிதையும். ஒரு மியுவானைச் சந்தேகமில்லாமல் பிடித்தாயிற்று. அதோடு சேர்த்துக் கணக்கிட்டால் இசட்டின் நிறையான 91 கிகா எலெக்ட்ரான் வோல்ட் வரும்படி, உள்தடக் கருவியில் மட்டும் இன்னொரு கோடு தெரிகிறது. அப்படியென்றால் அதுவும் மியுவானாகத்தான் இருக்க வேண்டும். வெளியே இருக்கும் மியுவான் கருவி அதைப் பிடித்ததா? இதை லட்சக்கணக்கான முறை கேட்டால், நூறில் எத்தனை பிடிக்கிறது என்று தெரிந்துவிடும். திருடன் கிடைத்துவிட்டான், கூட்டாளி எந்த வழியில் போனான் என்பதும் தெரியும், அந்த வழியில் இருந்த காவலாளி தூங்கினானா என்று பார்க்கிறோம்.

மாணவனாக இருந்தபோது நான் ஒருமுறை மெதுவான துகள்களின் எண்ணிக்கை எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக வருகிறது என்று இரண்டு வாரம் சந்தோஷமாக அலைந்தேன். வழிகாட்டியிடம் வரைபடத்தைக் காட்டினேன். நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேட்டார்: "குழாயைக் கழிச்சியா?" கற்றைக் குழாயில் இடித்துப் பிறந்த துகள்களைக் கழிக்கவில்லை. கழித்தேன். சந்தோஷம் போய்விட்டது.

புரோட்டானுக்குப் பதில் ஈய அணுக்கருவை மோதவிட்டால்?

மேலே சொன்ன மூன்று சொச்சத்தை மறந்துவிடுங்கள். 2010-ல், ஒரு நியூக்ளியான் (கருவில் உள்ள புரோட்டான் அல்லது நியூட்ரான்) ஜோடிக்கு 2.76 டெரா எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலில், மிக நேராக மோதிய 5 சதவீத மோதல்களில் ஆலிஸ் எண்ணியது அதே கோணப் பட்டையில் சராசரியாக 1584. 5.02 டெரா எலெக்ட்ரான் வோல்ட்டில் அது 1943. படத்தைப் பார்த்தால் மத்தாப்பு எரிவது போல இருக்கும், கோடுகளுக்கு நடுவே இருட்டே தெரியாது.

புரோட்டான் மோதலிலோ ஆற்றலைக் கூட்டினால் எண்ணிக்கை மெதுவாகத்தான் ஏறுகிறது. 0.9-லிருந்து 13 டெரா எலெக்ட்ரான் வோல்ட், அதாவது 14 மடங்குக்கும் மேல். துகள்கள் 3.1-லிருந்து 5.5-க்குத்தான் வந்தன. இந்த 5.5 சி.எம்.எஸ். குழு 2015-ல் காந்தத்தை அணைத்து வைத்திருந்த நேரத்தில் எடுத்த தரவிலிருந்து வந்தது. காந்தம் இல்லாததால் தடங்கள் நேர்கோடு, மெதுவான துகள்கள் சுருண்டு தொலைவதும் இல்லை. எண்ணுவதற்கு மட்டும் என்றால் அது சௌகரியம்.

இதுவரை எத்தனை ஹிக்ஸ் பார்த்திருக்கிறார்கள்?

உண்டானதைக் கேட்கிறீர்களா, பார்த்ததையா? மேலே சொன்ன 140-ஐ 55 பிகோபார்னால், அதாவது 55,000 ஃபெம்டோபார்னால் பெருக்கினால், அட்லஸுக்குள் 2015-18-ல் சுமார் 77 லட்சம் ஹிக்ஸ் பிறந்திருக்க வேண்டும். எலெக்ட்ரான், மியுவான் என்று நான்கு சுத்தமான தடங்களாகச் சிதைவது அதில் பத்தாயிரத்தில் ஒன்றுக்குச் சற்று மேல், ஆயிரத்துக்குப் பக்கமாக. எல்லாத் தேர்வுகளையும் தாண்டி வரைபடத்தில் வந்து உட்காருவது இருநூறு சொச்சம். அந்த இருநூறிலிருந்து 77 லட்சத்துக்குத் திரும்பி நடக்கும் பாதைதான் இந்தப் பக்கம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பது.

பூமிக்கடியில் எண்ணுவதால் வெளியே யாருக்காவது உபயோகம் உண்டா?

உண்டு, வானத்தைப் பார்ப்பவர்களுக்கு. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர் ஒன்று வளிமண்டலத்தில் மோதினால் துகள் மழையே பொழியும். தரையில் பிடித்த மழையை வைத்து, மேலே வந்தது புரோட்டானா இரும்புக் கருவா, எவ்வளவு ஆற்றல் என்று ஊகிக்க வேண்டும். அதற்கு, ஒரு மோதலில் எத்தனை துகள் பிறக்கும் என்பது தெரிந்திருக்க வேண்டும். அந்தக் கணினி மாதிரிகளைத் திருத்துவது கொலைடர் அளவீடுகளை வைத்துத்தான். குழாயை ஒட்டி ஓடும் துகள்களை மட்டும் பார்க்க எல்.எச்.சி.எஃப். என்று ஒரு குட்டிச் சோதனையே இருக்கிறது. நம் ஊட்டியில் இருக்கும் கிரேப்ஸ்-3 சோதனை, தரையில் பரப்பிய உணர்கருவிகளும் 560 சதுர மீட்டர் மியுவான் தொலைநோக்கியும் கொண்டு இந்த மழையைத்தான் அளக்கிறது. அர்ஜென்டினாவின் பியர் ஆஜே ஆய்வகம், கணினி மாதிரிகள் சொல்வதைவிடக் கூடுதலாக மியுவான்கள் வருகின்றன என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்தப் புதிர் இன்னும் அவிழவில்லை.

வீட்டில் உட்கார்ந்து நானே எண்ணிப் பார்க்க முடியுமா?

முடியும். செர்ன் 2014-லிருந்து தன் திறந்த தரவுத் தளத்தில் நிஜ மோதல்களை இலவசமாகக் கொடுக்கிறது. சி.எம்.எஸ்.ஸின் இரண்டு-மியுவான் நிகழ்வுகள் கொண்ட கோப்பு ஒன்றை இறக்கிக்கொள்ளுங்கள். சாதாரண மடிக்கணினி போதும். ஒவ்வொரு ஜோடிக்கும் நிறையைக் கணக்கிட்டு வரைபடம் போட்டால் 3.1 கிகா எலெக்ட்ரான் வோல்ட்டில் ஒரு கூர்முனை, 9.5 பக்கம் ஒன்று, 91-ல் மேடாக ஒன்று எழும்பும். கடைசி மேடு இசட். அதன் கீழே எத்தனை நிகழ்வு என்று எண்ணுங்கள், அப்புறம் உங்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள்: டிரிக்கர் எத்தனையை விட்டது, மியுவான் கருவி எத்தனையைத் தவறவிட்டது, இந்தக் கோப்பு எவ்வளவு லூமினாசிட்டிக்கு உரியது? கடைசிக் கேள்விக்கான எண்ணும் அந்தத் தளத்திலேயே இருக்கிறது, கொஞ்சம் தேட வேண்டும்.